பொடுகு ஷாம்பு: மருந்துக்கடைப் புட்டியா, மளிகைக்கடைப் பாக்கெட்டா?

அரசலாறு (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பொடுகுக்கென்று ஆகும் செலவு மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது. பொடுகு மட்டும் குறைந்தபாடில்லை. கணவருக்குத் தலையோடு நிற்காமல் புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் உதிர்கிறது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இடுப்புவரை முடி. உச்சியிலும் பிடரியிலும் அரிப்புத் தாங்காமல், படிக்க உட்கார்ந்தால்கூடக் கை தானாகத் தலைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் சில வாரங்களாகத் தலையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது.

மளிகைக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட், பெரிய கடைகளில் விளம்பரத்தோடு அடுக்கியிருக்கும் புட்டி, மருந்துக்கடையில் அட்டைப்பெட்டிக்குள் வரும் சிறிய புட்டி என்று மூன்று வகையும் வீட்டுக்கு வந்து போய்விட்டன. மில்லி கணக்கில் பார்த்தால் மருந்துக்கடைப் புட்டியின் விலை மற்றவற்றைப் போலப் பல மடங்கு. அந்த விலைக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று இரண்டு புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்புற எழுத்தைப் படித்துப் பார்த்தேன். மருந்துக்கடைப் புட்டியில் ‘கீட்டோகோனசோல் 2 சதவீதம்’ என்று ஒரு வரி; கீழே ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று இன்னொரு வரி. மற்றதில் தண்ணீரில் தொடங்கி, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் ஒரு பெரிய பட்டியல். அதில் எது பொடுகுக்கு வேலை செய்கிறது, எது நுரைக்கு, எது வாசனைக்கு என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை.

பொடுகு ஷாம்புகளில் உண்மையில் வேலை செய்யும் பொருள்கள் எவை, அவற்றுக்குள் வித்தியாசம் என்ன, கூடுதல் விலை கொடுப்பது நியாயமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சில புட்டிகளில் இருக்கும் ஜிங்க் பைரித்தியோன் என்ற பொருளை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியும் வந்தது, அது மெய்யா? வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டால் போதும், இதெல்லாம் வீண் செலவு என்கிறார் என் மாமியார். அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

வணக்கம் அம்மா. நெடுங்காலம் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் உங்கள் மகனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் முடி உதிர்ந்தோ, ஒடிந்தோ, வட்டமாகச் சொட்டை தெரிகிறதா? பகல் வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை பெரியவர்களுக்கு வாங்கிய புட்டியை அவன் தலையில் போட வேண்டாம்.

இனிப் பொடுகு. இது அழுக்கினால் வருவதாகப் பலரும் எண்ணிக்கொண்டு சோப்பைப் போட்டுத் தேய்க்கிறார்கள். மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை எல்லோர் தலையிலும் வாழ்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. 2007-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் மரபணு அதற்கு இல்லை என்று தெரியவந்தது. ஆகவே நம் தலையில் ஊறும் எண்ணெயைச் சிதைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். அப்படிச் சிதைக்கும்போது மிஞ்சும் ஓலியிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல், முறைப்படி முதிர்ந்து உதிர வேண்டிய மேலடுக்கை அவசரமாகத் தள்ளிவிடுகிறது. அதுதான் தோளில் விழும் செதில். ஒரே வீட்டில் ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாமல் போவதற்குக் காரணமும் இதுவே: பூஞ்சை இருவருக்கும் உண்டு, உறுத்தல் ஒருவருக்குத்தான். உங்கள் கணவருக்குப் புருவத்திலும் மூக்கோரத்திலும் வருவது இதன் சற்று முற்றிய வடிவம். தோல் மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்பார்கள்.

எனவே எந்தப் புட்டியை எடுத்தாலும் தேட வேண்டியது அந்தப் பூஞ்சையை அடக்கும் பொருளின் பெயரையும், அது எத்தனை சதவீதம் என்பதையும்தான். மருந்து உரிமத்தில் தயாராகும் ஷாம்புவில் இரண்டும் தெளிவாக அச்சாகியிருக்கும். அழகுப்பொருள் என்ற வகையில் வருபவற்றில் பொருள்கள் பெரும்பாலும் அளவின் இறங்குவரிசையில் இருக்கும்; தண்ணீர், அடுத்து சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரோபில் பீட்டெய்ன் என்று வருபவை நுரைத்து எண்ணெயைக் கழுவுபவை. டைமெத்திகோன் முடியை வழவழப்பாக்க, கிளைகால் டிஸ்டியரேட் முத்துப் போன்ற பளபளப்புக்கு, உப்பு கெட்டித்தன்மைக்கு. மெந்தால் போட்டால் தலை சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியைப் பலரும் மருந்து வேலை செய்வதாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் பூஞ்சையை அடக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலை செய்யும் பொருள்களில் முதலாவது, நீங்கள் குறிப்பிட்ட கீட்டோகோனசோல். பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டாகாமல் இது தடுக்கிறது. 2 சதவீதம் என்பது மருத்துவ அளவு. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைப்பது 1 சதவீதம். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை போட்டு, பிறகு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை என்று குறைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையாக விழுங்கும் கீட்டோகோனசோல் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கேள்விப்பட்டு ஷாம்புவுக்கும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தலையில் போட்டுக் கழுவிவிடும் ஷாம்புவிலிருந்து உடம்புக்குள் போவது மிக மிகச் சொற்பம்.

இரண்டாவது, ஜிங்க் பைரித்தியோன். 1961-இல் அமெரிக்காவில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் சந்தைக்கு வந்ததிலிருந்து உலகெங்கும் பொடுகு ஷாம்பு என்றால் பெரும்பாலும் இதுதான் என்ற நிலை இருந்தது. வழக்கமான அளவு 1 சதவீதம். கழுவிவிடும் பொருள்களில் 0.3 முதல் 2 சதவீதம் வரை அமெரிக்கா அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தடை மெய்தான். 2022 மார்ச் 1 முதல் அங்கே அழகுப்பொருள்களில் இதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் செய்தி வீண் கலக்கத்தையே தரும். விலங்குச் சோதனைகளை வைத்து இதை இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைக்குள் வந்துவிட்டால், வேறு மாற்றுப் பொருளே இல்லை என்று காட்டினால்தான் விலக்குக் கிடைக்கும் என்பது அவர்கள் சட்டம். மாற்று இருந்ததால் விலக்குக் கிடைக்கவில்லை. கழுவிவிடும் பொடுகு ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றுதான் 2020-இல் அவர்களுடைய அறிவியல் குழுவே கருத்துச் சொல்லியிருந்தது. ஆகவே வீட்டில் இருக்கும் புட்டியைப் பதறிப்போய்க் கொட்ட வேண்டியதில்லை.

அந்த மாற்றாக இப்போது பல புட்டிகளில் இடம்பிடித்திருப்பது பைராக்டோன் ஓலமைன், 0.5 முதல் 1 சதவீதம் வரை சேர்ப்பார்கள். லேசான, நடுத்தரப் பொடுகுக்கு இது போதும். கிளிம்பசோல் என்பதும் இதே தரத்தில் வைக்கத் தக்கது. ஒரே பெயரில் வரும் ஷாம்புவிலேயே நிறுவனங்கள் உள்ளிருப்பதை அவ்வப்போது மாற்றுவதால், முன்புறப் பெயரை நம்பி வாங்காமல் ஒவ்வொரு முறையும் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது.

செலினியம் சல்ஃபைடு, அதாவது செல்சன் போன்றவற்றில் இருப்பது, வலுவானது. பூஞ்சையை அடக்குவதோடு தோல் உயிரணுக்கள் பெருகும் வேகத்தையும் குறைக்கும். ஆனால் சாயம் பூசிய முடியின் நிறத்தை மாற்றக்கூடும். நகையைக் கறுக்கச் செய்யும். தோடு, மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே போட வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது சிறிய சங்கடம் அன்று. சாலிசிலிக் அமிலம் பூஞ்சையைப் பெரிதாகத் தொடாது. ஒட்டிக்கிடக்கும் தடித்த செதிலை இளக்கி எடுக்கும். நிலக்கரித் தார் சேர்ந்த ஷாம்பு தடித்த செதிலுக்கும் சோரியாசிஸ் என்ற செதில் தோல்நோய்க்கும் உதவும். போட்ட பிறகு வெயிலில் அதிகம் அலையக் கூடாது.

எது சிறந்தது என்றால், கடுமையான பொடுகுக்குக் கீட்டோகோனசோலைத்தான் முதலில் வைப்பேன். 2002-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் நான்கு வாரத்தில் 2 சதவீதக் கீட்டோகோனசோல் தந்த முன்னேற்றம் 73 சதவீதம். 1 சதவீத ஜிங்க் பைரித்தியோன் தந்தது 67 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் விலை வித்தியாசத்தோடு ஒப்பிடும் அளவுக்கு மலைபோன்ற வித்தியாசம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மகளுக்கு மிதமான பொடுகுதான் என்றால் மளிகைக்கடைப் புட்டியே சரியாக இருக்கக்கூடும். கணவருக்கு மருந்துக்கடைப் புட்டிதான்.

எதைப் போட்டாலும் உடனே கழுவினால் பயனில்லை. மூன்று முதல் ஐந்து நிமிடம் நுரை தலைத்தோலில் இருக்க வேண்டும். காலை அவசரத்தில் நுரைத்த கையோடு தண்ணீரை ஊற்றிவிட்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வந்து சொன்னவர்களைத்தான் என் கடை வாசலில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாமணி (மன்னார்குடி)

மேலே சொன்னவர் பொருள்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் விலைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புட்டியின் விலையை ஒப்பிடுவது தவறான அளவுகோல். மில்லிக்கு எவ்வளவு, ஒரு குளியலுக்கு எத்தனை மில்லி, மாதத்தில் எத்தனை குளியல் என்ற மூன்றையும் பெருக்கினால்தான் உண்மை தெரியும். இப்போது பொட்டலப் பொருள்களில் மில்லிக்கோ கிராமுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி இருப்பதால் புட்டிகளில் தேடினால் கிடைத்துவிடும். சிறிய பாக்கெட்டுகளுக்கு நாமே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு கணக்குக்காக, மருந்துக்கடைப் புட்டி 100 மில்லி 300 ரூபாய் என்றும், விளம்பரப் புட்டி 180 மில்லி 180 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவது மில்லிக்கு 3 ரூபாய், இரண்டாவது 1 ரூபாய். ஒரு குளியலுக்கு 8 மில்லி என்றால் முறையே 24 ரூபாயும் 8 ரூபாயும் ஆகின்றன. இதோடு நிறுத்தினால் மருந்து மூன்று மடங்கு விலை. ஆனால் விளம்பரப் புட்டியை வாரம் மூன்று முறை போடுகிறவருக்கு நான்கு வாரத்தில் 96 ரூபாய் ஆகிறது. இது மாதாமாதம் தொடரும் செலவு. மருந்துக்கோ, முதல் நான்கு வாரத்துக்கு வாரம் இரண்டு முறை வீதம் 192 ரூபாய். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்ற நிலை வந்தால் நான்கு வாரத்துக்கு 48 ரூபாய்தான். மற்றக் குளியல்களுக்கு 2 ரூபாய்ச் சாதாரணப் பாக்கெட்டைப் போட்டால், பத்துக் குளியலுக்கு 20 ரூபாய். ஆக மொத்தம் 68. முதல் மாதத்தில் கூடுதலாகப் போன பணம் நான்கைந்து மாதத்தில் திரும்பிவிடுகிறது. எத்தனை நாள் கழித்துப் பொடுகு திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உங்கள் வீட்டு எண்களைப் போட்டு இதே கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், நம் பக்கத்து மாவட்டமான கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் வீட்டிலிருந்தே பின்னர் வெல்வெட், சிக் என்ற ஷாம்புகளும் வந்தன. கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றன்று வாங்கும் காசுக்குள் அது அடங்கியது. இன்றும் சில ஷாம்புகளில், அதே நிறுவனத்தின் புட்டியைவிடப் பாக்கெட்டில் மில்லி விலை குறைவாக இருக்கிறது. ஆகவே பெரிய புட்டி வாங்கினால் மிச்சம் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாமல் வகுத்துப் பார்க்க வேண்டும். அதோடு, ஒரு புதிய ஷாம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் பாக்கெட்டை வாங்கிச் சோதிப்பதே சிக்கனம். நீண்ட முடிக்கு ஒரு பாக்கெட் போதாது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை அச்சான சரக்கை வாங்க நேர்ந்தால் பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)

அரசலாறு அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாமியார் சொல்வதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்று எண்ணெய் தேய்த்துக் குளித்த குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் எண்ணெய் வைப்பது பாதி. அதைச் சீயக்காயோ அரப்போ போட்டு முழுவதும் எடுத்துவிடுவது மறுபாதி. சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் சப்போனின் இருக்கிறது. எண்ணெயை அது எடுக்கும், முடியை வறட்டாது. இன்றைக்கு நாம் செய்வது வேறு. தினமும் காலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து, அதோடு வெயிலில் அலைந்து, வாரக்கடைசிவரை அப்படியே விட்டுவிடுகிறோம். எண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சை என்று மேலே படித்தபோது, பழைய முறை எங்கே மாறிப்போனது என்பது எனக்கு இன்னும் தெளிவாயிற்று.

என் மகள் தோல் மருத்துவரிடம் காட்டியபோது அவர் சொன்னதும் இதுதான். பொடுகு இருக்கும்வரை தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடாதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிப்பதற்குச் சற்று முன் முடியின் நீளத்துக்கு மட்டும் தடவி அன்றே எடுத்துவிடுங்கள் என்றார். தேங்காய் எண்ணெயில் பாதியளவுக்கு லாரிக் அமிலம். நல்லெண்ணெயில் ஓலியிக், லினோலியிக் அமிலங்கள். இவற்றையும் அந்தப் பூஞ்சை பயன்படுத்திக்கொள்ளும் என்று விளக்கினார். ஆகவே பொடுகுக்கு எண்ணெய் மருந்து என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன், சீயக்காயை விடவில்லை.

எலுமிச்சம்பழத்தைத் தலையில் நேராகத் தேய்ப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். சொறிந்து புண்ணான தலையில் அது எரிச்சலைத்தான் தரும். வெந்தயம் ஊறவைத்து அரைத்துப் போடுவது முடிக்கு இதம்; பூஞ்சைக்கு மருந்தாக அதை எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது சரியில்லை.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

குடமுருட்டி அம்மையார் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. மூலிகை என்று எழுதிய புட்டிகளைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன்: தேயிலைமர எண்ணெய் (டீ ட்ரீ ஆயில்) 5 சதவீதம் சேர்ந்த ஷாம்புவுக்கு 2002-இல் ஓர் ஆய்வில் 41 சதவீத முன்னேற்றம் பதிவாயிற்று, அது சேராத ஷாம்புவுக்கு 11. ஆனால் கடையில் கிடைக்கும் புட்டிகளில் அந்தப் பெயர் இருக்கும், சதவீதம் இருக்காது. சதவீதம் சொல்லாத இடத்தில் கூடுதல் விலை கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

கடைமடையில் இருப்பவன் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். இதை யாரும் இன்னும் தொடவில்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கலந்தது, கடினமானது. அதில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால், தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து வெண்மையான திரைபோல் படியும். சீப்பின் பல்லிடுக்கில் சுரண்டிப் பார்த்தால் மாவுபோல் ஒரு பசை வரும். உலர்ந்த பிறகு முடியில் தூளாகத் தெரியும். அதைப் பொடுகு என்று எண்ணி மருந்து ஷாம்பு வாங்கிக்கொண்டிருந்த வீடுகளை எனக்குத் தெரியும். தலைக்குச் சோப்புப் போடுவதை நிறுத்தி, எந்தச் சாதாரண ஷாம்புவையாவது போட்டாலே அது போய்விடும். ஷாம்புவில் இருக்கும் நுரைப்பொருள் கடினத் தண்ணீரிலும் அப்படித் திரியாது.

உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வருவதால், போதவில்லை என்று இன்னும் இன்னும் ஊற்றுகிறோம். மருந்து ஷாம்புவுக்கு நுரை முக்கியம் இல்லை, படிந்திருக்கும் நேரமே முக்கியம் என்று தெரிந்துகொண்டால் புட்டி இரட்டிப்பு நாள் வரும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாயில் பிடித்துவைத்த ஒரு குடம் தண்ணீர் கிடைத்தால் வித்தியாசம் தெரியும்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் படித்துறையில் குளிக்கும் சுகத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜிங்க் பைரித்தியோன், செலினியம் சல்ஃபைடு இரண்டும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மருந்து ஷாம்பு போடும் நாளில் வீட்டுக் குளியலறையிலேயே குளித்துவிடுங்கள். காலிப் பாக்கெட்டையும் படியில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த முறை தண்ணீர் நிற்கும்போது மதகில் அடைத்துக்கொண்டு கிடப்பவை அவைதான்.

அரசலாறு (கும்பகோணம்)

இவ்வளவு விவரமாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வெண்ணாறு ஐயா கேட்டபடி மகனின் தலையை வெளிச்சத்தில் விலக்கிப் பார்த்தேன். காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக இருக்கிறது. முழுவதும் சொட்டை இல்லை. முடிகள் தோலோடு ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நிற்கின்றன. மேலே சாம்பல் நிறச் செதில். அவனோடு விளையாடும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இப்படி இருப்பதாக அவன் அம்மா சொல்கிறார். நீங்கள் சொன்னதால் ஷாம்பு எதையும் அவனுக்குப் போடவில்லை. மகளின் நீண்ட முடிக்கு மருந்து ஷாம்புவை எப்படிச் சிக்கனமாகப் போடுவது என்றும் சொன்னால் நல்லது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அம்மா, பையனை இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் அரசு தலைமை மருத்துவமனையில் தோல் பிரிவு நடக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம். அந்த வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் இன்னும் விழித்துக்கொள்வதில்லை. ஆகவே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைப் போன்ற பொடுகு வருவது குறைவு. வட்டமாக முடி ஒடிந்து செதிலும் சேர்ந்திருந்தால் தலைப்படர்தாமரையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அது வேறு வகைப் பூஞ்சை. முடியின் வேருக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும். மேலே போடும் ஷாம்புவாலோ களிம்பாலோ மட்டும் அது போகாது. சில வாரங்களுக்கு உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். எடைக்கு ஏற்ப அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிவிடாதீர்கள். அது மேலே சிவப்பைக் குறைத்துக் காட்டி உள்ளே பரவவிடும், மருத்துவருக்கும் அடையாளம் காண்பது கடினமாகிவிடும்.

இது ஒட்டிப் பரவக்கூடியது. அவன் சீப்பு, துண்டு, தலையணை உறை, தொப்பி எல்லாவற்றையும் இன்று முதல் தனியாக வையுங்கள். முடிவெட்டும் கடைக்குச் சிகிச்சை முடியும்வரை அழைத்துப்போக வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனையும் அதே நாளில் காட்டச் சொல்லுங்கள். ஒருவனுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் இருவருக்குமே திரும்பி வரும். வீட்டிலுள்ள மற்றவர்கள் கீட்டோகோனசோல் ஷாம்புவைச் சில முறை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பரவலைக் குறைக்க அப்படிச் சொல்வதுண்டு.

மகளுக்கு: மருந்து தலைத்தோலுக்குத்தான், முடியின் நீளத்துக்கு இல்லை. முதலில் சீயக்காயோ சாதாரணப் பாக்கெட் ஷாம்புவோ போட்டு முடி முழுவதையும் அலசி எண்ணெயை எடுத்துவிடட்டும். பிறகு ஈர முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் விரல்நுனியால் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, நகம் படாமல் விரல்சதையால் தேய்க்க வேண்டும். உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய இடங்களை விடக் கூடாது. பெரிய முடியானாலும் இப்படிப் போட்டால் 8 முதல் 10 மில்லிக்குள் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து நன்றாக அலசிவிட்டு, ஈரத்தோடு பின்னிக்கொள்ளாமல் உலரவிட்டுப் பின்ன வேண்டும். மழைக்காலத்தில் ஈரச் சடையோடு கல்லூரிக்குப் போவதைப் பார்க்கிறேன், அரிப்பு அதில்தான் கூடுகிறது.

கணவர் ஷாம்பு நுரையையே புருவத்திலும் மூக்கோரத்திலும் கண்ணில் படாமல் சிறிது நேரம் வைத்துக் கழுவலாம். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையாவிட்டால், அல்லது செதில் வெள்ளி நிறத்தில் தடித்து நெற்றிவரம்பைத் தாண்டி வந்தாலோ, முழங்கையிலும் முழங்காலிலும் அதேபோல் தெரிந்தாலோ, சோரியாசிஸாக இருக்கலாம். இன்னொரு புட்டி வாங்காமல் பையனைக் காட்டும் அதே மருத்துவரிடம் அவரையும் காட்டிவிடுங்கள். போகும்போது இதுவரை போட்ட புட்டிகளையும் பாக்கெட்டுகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். எந்தப் பொருளை எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை மருத்துவர் அவற்றின் பின்புறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.